ஒரு கம்பி, இரண்டு பொய் அலாரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் போன் எடுத்தார்கள். "எழுத விஷயம் கிடைக்கலையா?" என்று ஒரு குத்தல் வேறு. கிடைத்தது... உட்கார்ந்து எழுதத்தான் நாளானது.

மலையகத்தில், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டில் போன மழைக்காலத்தில் ஒரு வெடிப்பு விழுந்தது. உதவிக் குழு ஒன்று வந்தது. வெடிப்புக்கு மேலே கம்பம் நட்டு, அதிலிருந்து ஒரு கம்பியை இழுத்து, கீழே பிள்ளைக்காம்பராவின் பின்சுவரோரம் ஒரு பெட்டியில் மாட்டினார்கள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்தான் பிள்ளைக்காம்பரா. மண் நகர்ந்தால் கம்பி இழுபடும், பெட்டி அளக்கும், உள்ளே மேசையில் இருக்கும் கம்ப்யூட்டர் அலாரம் அடிக்கும்.

பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். ஒரு வயரைச் செருகினால் முடிந்தது. ஆனால் புளூடூத்! ஏன்? சுவரில் ஓட்டை போடத் தோட்டத்து மானேஜர் பெரியதுரை சம்மதிக்கவில்லை.

தலவாக்கலையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள் என்பதால், "நீங்கள் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அதை என் தலையில் கட்டினார்கள்.

இரண்டு முறை அலாரம் அடித்தது. இரண்டு முறையும் சனம் மூட்டை முடிச்சோடு கீழே பள்ளிக்கூடத்துக்கு ஓடியது. இரண்டு முறையும் மலை இருந்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது ஓட்டத்தில் நனைந்த பச்சைப்பிள்ளை ஒன்றுக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் செல்வராணியின் தங்கச்சி பிள்ளை அது. தங்கச்சி இருப்பது லயத்தின் கடைசி வீடு, மேட்டுக்கு நேர் கீழே.

இந்த முறை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தபோது தோட்டத் தலைவர் முருகையா போன் எடுத்தார்.

"டீச்சர், பெட்டி பேச மாட்டேங்குதுங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் வரல."

"மெஷின் கிடக்கட்டும் தலைவரே. சனத்தைக் கூட்டிக்கிட்டு எறங்குங்க."

"நான் சொன்னா சிரிக்கிறாங்க. மெஷினு சொல்லட்டும், பாப்போம்ங்கிறாங்க."

பொய் சொன்ன மெஷினைத்தான் திட்டுகிறோம். ஆனால் அது வாயை மூடினால், அது சொல்லட்டும் என்று காத்திருக்கிறோம்... என்ன சனங்கள் நாம்!

ஆட்டோ பிடித்து, பாதி வழி நடந்து, நனைந்து போய்ச் சேர்ந்தேன். திரையில் ஒரே வரி: போர்ட்டைத் திறக்க முடியவில்லை. கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தேன். புளூடூத் குச்சி இடம் மாறிச் செருகப்பட்டிருந்தது.

"இத யாரு கழட்டினது?"

"போனு சார்ஜ் போட நான்தான் டீச்சர்," என்றாள் செல்வராணி. "திரும்பச் செருகிட்டேனே!"

செருகினாள்தான். வேறு ஓட்டையில். ஓட்டை மாறியதும் கம்ப்யூட்டருக்குப் பழைய உறவெல்லாம் மறந்துவிட்டது. மறுபடி பெட்டியைத் தேடி, இரகசிய எண் கொடுத்து ஜோடி சேர்த்தேன். சேர்ந்துவிட்டது என்றது. ஆனால் பேச்சில்லை! ஜோடி சேர்வது வேறு, பேசிக்கொள்வது வேறு. கலியாணமான வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

இரண்டு போர்ட் காட்டியது. ஒன்று, நாம் பெட்டியைக் கூப்பிடும் வழி. மற்றது, பெட்டி நம்மைக் கூப்பிடட்டும் என்று காத்திருக்கும் வழி. நான் அவசரத்தில் இரண்டாவதைத் தேர்ந்திருந்தேன். பெட்டி கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்க, கம்ப்யூட்டர் பெட்டிக்காகக் காத்திருக்க, மேலே தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

மாற்றினேன். கம்பி எவ்வளவு இழுபட்டிருக்கிறது என்ற எண் வந்தது. நான் மூச்சு விடுவதற்குள் அந்த எண் ஏறியது... இன்னும் ஏறியது. அலாரம் அடித்தது.

வாசலில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. "ஆரம்பிச்சிருச்சுடா," என்று ஒருவர் சிரித்தார்.

"செல்வராணி, தங்கச்சியக் கூட்டிட்டு வாங்க!" என்று கத்தினேன்.

"மாட்டேன் டீச்சர். அந்தப் புள்ளைய இன்னொருக்கா மழையில தூக்கிட்டு ஓட மாட்டேன்." பிறகு தலைவரைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அது மலை இல்லீங்க. கம்பளி."

"என்ன கம்பளி?" என்றார் தலைவர்.

"பின்னால கூரைக்குக் கீழ அந்தக் கம்பி போகுதுல்ல... அந்த எடம் நனையாது. மழையில துணி வேற எங்கங்க காயப்போடுறது? ரெண்டு தடவையும் நான்தான் ஈரக் கம்பளியப் போட்டேன். அலாரம் அடிச்சதும் பயந்து எடுத்துட்டேன். இன்னைக்கு எவளோ போட்டிருக்கா. நான் போய் எடுத்துட்டு வாரேன், சத்தம் நின்னுரும்."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அந்த இரண்டு நாளும் எண் ஏறி, பிறகு இறங்கியிருந்தது. வெடித்த மலை மறுபடி ஒட்டிக்கொள்ளுமா? ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை. மலையகத்தில் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி சும்மா இருக்காது என்பது பெட்டி கொண்டுவந்த பெரிய மனிதர்களுக்கு எப்படித் தெரியும்?

"போகாதீங்க!" என்றேன். அதற்குள் அவள் மழைக்குப் போர்த்தும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடிவிட்டாள். நான் திரையையே பார்த்தேன். இப்போது இறங்கும்... இப்போது இறங்கும்... இறங்க வேண்டும் என்று மாரியம்மனை வேண்டினேன். எண் ஏறிக்கொண்டே இருந்தது.

செல்வராணி திரும்பி வந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"கம்பியில ஒண்ணும் இல்லீங்க," என்றாள்.

என் வாழ்நாளில் இவ்வளவு பயங்கரமான ஒரு வாக்கியத்தைக் கேட்டதில்லை. வாசலில் சிரிப்பு நின்றது. எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் அவள்தான், தங்கச்சி வீட்டுக்கு.

பள்ளிக்கூடத்தில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. லொறி லொறியாகக் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். கடைசி வீடும் அதற்கு அடுத்ததும் போய்விட்டன, பிள்ளைக்காம்பராவின் பின்சுவரோடு. ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். தலைவர் திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். பச்சைப்பிள்ளை செல்வராணியின் மடியில், அலாரம் அடிக்க வைத்த அதே கம்பளிக்குள் தூங்கியது. நான் அழுதேன். அதிலென்ன வெட்கம்?

உதவிக் குழு புதுப் பெட்டியோடு வந்தது, கீழ் லயத்துக்குப் பூட்ட. புளூடூத் எத்தனை மீட்டர் எட்டும், பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று நிறைய விளக்கினார்கள். எல்லாம் நல்லது. செல்வராணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கொடுத்துவிட்டார்கள்.

இப்போது அங்கே இரண்டு கம்பி: ஒன்று மலைக்கு, மற்றது கம்பளிக்கு.