இடது கால் பிரேக்

ஒரு பொருளை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டோம் என்று ஒருவர் பெருமையோடு அறிவிக்கும்போது, அந்தப் பழைய நிலை யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்க வேண்டியவர் யார்? ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில், கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த ஒரு காரியம் இந்தக் கேள்வியை என்மேல் சுமத்தியது. அன்று அங்கே கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் ஆசிரியர்கள். சமூக நீதியைப் பற்றி மேடையில் பேசக்கூடியவர்கள். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

காரியம் ஒரு பழைய புல்லட்டைப் பற்றியது. எங்கள் தாத்தா உபதேசியாராக இருந்தவர். கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போய் ஜெபம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த அவருக்கு, வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் தம் தேசத்துக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி அது. தாத்தாவின் காலத்துக்குப் பின் அத்தை அதைக் கேட்டு வாங்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பாவிடம் ஸ்கூட்டர் இருந்தது; சித்தப்பா அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்; ஆகவே யாரும் போட்டிக்கு வரவில்லை. ஆனால் அத்தை கேட்டபோது வீட்டில் சிரித்தார்களாம். குழந்தைப் பருவத்தில் வந்த போலியோவில் அத்தையின் இடது கால் சூம்பிப்போயிருந்தது.

இன்றைய மோட்டார் சைக்கிள்களில் கால் பிரேக் வலப்பக்கம் இருக்கும். அந்தக் காலத்துப் புல்லட்டில் கியரும் கிக்கரும் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். உதைத்துக் கிளப்பவும் கியர் மாற்றவும் அத்தையின் வலது கால் போதும். நிறுத்துவதற்குத்தான் வழியில்லை; முன்சக்கரத்துக் கை பிரேக் மட்டும் அந்தக் கனத்தை நிறுத்தாது. அத்தை கணக்கு ஆசிரியை. தாமே அளவெடுத்து, படம் வரைந்து, செல்லூரில் விசைத்தறிகளுக்குப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். தறியை ஓட்டவும் நிறுத்தவும் பிடித்து இழுக்கும் இரும்புக் கைப்பிடி ஒன்றை வெட்டி, வண்டியின் இடப்பக்கம் கைக்கு எட்டும் உயரத்தில் பிரேக்காகப் பொருத்தினார்கள். நின்றால் சாயாமலிருக்கப் பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு சிறு சக்கரங்கள். அந்த வண்டியில் அத்தை நெடுஞ்சாலையில் போய், கொட்டாம்பட்டிக்கு முன்னால் உள்ளே தள்ளியிருந்த மிஷன் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தார். காலை சிறப்பு வகுப்புக்கு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். லாரிகளின் காற்று ஸ்கூட்டரைத் தள்ளிவிடும், இந்தக் கனத்தை அசைக்காது என்பது அவர் கணக்கு.

சித்தப்பா படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனார். அங்கே பழைய வண்டிகளை நேசிக்கும் நண்பர்கள் வாய்த்தார்கள். வண்டி எந்த ஆண்டில் பிறந்ததோ அந்த ஆண்டின் உறுப்புகளே அதில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய வேதம். சித்தப்பா அந்த வேதத்தில் தீவிரமானார். ஓராண்டாக ஊர் ஊராகத் தேடி, மைல் கணக்குக் காட்டும் மீட்டர், முகப்பு விளக்கின் மேல் இரண்டு கண்கள்போல் நிற்கும் சிறு விளக்குகள், சுருள்கம்பி வைத்த இருக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மே மாதத்தில் அத்தை ஆசிரியர் பயிற்சிக்காகத் திருச்சி போன மறுநாள் வந்து இறங்கி, வண்டியைத் தெருமுனை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, இந்த சைடு வீலு, கைப்பிடியெல்லாம் என்ன செய்ய?" என்றார் மெக்கானிக்.

"கழட்டித் தூக்கிப் போடு மாப்ள. பொறந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கணும். ஸ்டார் ஸ்க்ரூ ஒண்ணுகூட இருக்கக் கூடாது, பார்த்துக்க. அந்தக் காலத்துல ஒத்தக் கோடு போட்ட ஸ்க்ரூதான்."

ஒரு திருகாணியின் தலையில் கோடு ஒன்றா இரண்டா என்று அவ்வளவு நுணுக்கமாக யோசித்த மனிதர், தம் அக்காளின் கால்களைப் பற்றி யோசிக்கவில்லை. யோசித்தும் இதைச் செய்திருந்தால் என் கோபம் இன்னும் கூடியிருக்குமே தவிரக் குறைந்திருக்காது. அந்த நாட்களில் எனக்கு அதெல்லாம் படவில்லை. கறுப்புப் பெயிண்ட்டின்மேல் பொற்கோடு இழுக்கப்படுவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். உலகத்திலேயே அழகான பொருள் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று நம்பினேன்.

அத்தை திரும்பி வந்தது சனிக்கிழமை மாலை. மறுநாள் பூசை முடிந்ததும் உறவினர்களும் பங்குச் சாமியாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் தெருவில் இறங்கும். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். சித்தப்பா துணியை உருவினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அத்தை எழுந்து, இடக்கையால் இடது தொடையை அழுத்தி அழுத்தி நடந்து, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"என் பிரேக் எங்கடா?"

"இந்தா இருக்குக்கா." சித்தப்பா குனிந்து, பளபளக்கும் கால் பிரேக்கைத் தொட்டுக் காட்டினார். "ஒரிஜினல். கோயம்புத்தூர்ல ஒரு பெரியவர் வச்சிருந்தாரு. இதுக்கு எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா?"

"அது அப்பாவுக்கு வண்டியைக் குடுத்துட்டுப்போன சாமியாரோட பிரேக்குடா. நான் கேட்டது என் பிரேக்கை."

"அதெல்லாம் பழைய இரும்புக்குப் போட்டாச்சுக்கா. வண்டியோட அழகையே கெடுத்துக்கிட்டு இருந்துச்சு."

அப்பாவின் மாமா ஒருவர், எந்த வீட்டு விசேஷத்திலும் முதல் நகைச்சுவையை எடுத்துவைப்பவர், "அதுக்கென்ன டீச்சரம்மா, இனிமே ராணி கணக்கா பின்னாடி உக்காந்து போங்க" என்றார். சிரிப்பு எழுந்தது.

"யாரு பின்னாடி மாமா? இவன் செவ்வாக்கிழமை பெங்களூருக்கு ரயிலேறிருவான். பள்ளிக்கூடம் தொறந்ததும் தெனம் காலைல ஆறு மணிக்கு நீங்க வாரீங்களா ஓட்ட?"

மாமா தம் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அப்பா குறுக்கிட்டார். "நாலு பேரு முன்னாடி என்ன பேச்சு இது? அவன் எம்புட்டு ஆசையா செஞ்சிருக்கான்."

"ஆசை அவனோடதுண்ணே. கால் என்னோடது."

சாமியார் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல மனசோட செஞ்சதை நாம குறை சொல்லக் கூடாது டீச்சர்" என்றார்.

"அந்தத் தீர்த்தத்தை என் கால்ல தெளிங்க சாமி. கால் சரியாயிருச்சுன்னா இந்த வண்டியை இப்பவே ஓட்டிக் காட்டுறேன்."

சாமியார் வண்டிமேல் அவசரமாகத் தெளித்துவிட்டுக் கிளம்பினார். உறவினர்கள் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டு பின்தொடர்ந்தார்கள். போகும்போது ஒவ்வொருவரும் சித்தப்பாவின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அத்தையின் தோளை யாரும் தட்டவில்லை.

உள்ளே சண்டை தொடர்ந்தது. அப்போதுதான் உண்மையான பேச்சு வந்தது. "உனக்குத் தெரியாதும்மா" என்றார் அப்பா. "அந்தச் சக்கரங்களை மாட்டிக்கிட்டு நீ போறதை ஊரே நின்னு பார்க்குது. எம்புட்டு நாளைக்கு நாங்க பொறுத்துக்கிறது? பஸ் இருக்கு. இல்லைன்னா மனு குடு, கவர்மென்ட்டுல ஸ்கூட்டர் தாராங்க."

"அதுலயும் பக்கத்துல சக்கரம் இருக்கும்ணே. அப்ப மட்டும் ஊரு கண்ணை மூடிக்குமா?"

அப்பா கேக் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார். அத்தை எங்கோ பார்த்தபடி, "சரி, இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. அத்தை ஆட்டோவில் மாட்டுத்தாவணி போய், பஸ் பிடித்து, நெடுஞ்சாலையில் இறங்கி, அங்கிருந்து உள்ளே நடந்தார். அவர் நடையில் அந்தத் தூரம் எவ்வளவு என்பதைக் காலணியின் தேய்மானம் சொன்னது. சிறப்பு வகுப்புக்கு ஒருநாளும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லை. தலைமையாசிரியர் பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும் டீச்சர்" என்றாராம். அதை அத்தை சமையலறையில் வந்து சொன்னார். எத்தனையோ ஆண்டுகளாக அவர் அந்த வகுப்பை யாரிடமும் விட்டதில்லை. அக்கறை என்ற பெயரில் ஒருவரிடமிருந்து வேலையைப் பறிக்கலாம், பறித்தவர் நன்றியையும் எதிர்பார்க்கலாம் என்பதை நான் பின்னால் என் படிப்பில் பலமுறை வாசித்தேன். முதலில் பார்த்தது எங்கள் சமையலறையில்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் சித்தப்பா தொலைபேசியில் பேசினார். அத்தை ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஜூலைல இங்க கண்காட்சிக்கா. வண்டியைக் கொண்டுபோறோம். பிரைஸ் நிச்சயம். அது முடியட்டும், நானே வந்து உனக்கு வேண்டியதை மாட்டித் தாரேன்."

"நீ கண்காட்சி முடிச்சிட்டு வார வரைக்கும் எம் புள்ளைக பாடத்தை நிறுத்தி வச்சிருக்குமாடா?"

"ஒரு மாசம்தானேக்கா. இப்ப அதுல கை வச்சா எல்லாம் போச்சு. எத்தனை வருசத்துக் கனவு தெரியுமா?"

"தெரியும். எனக்கும் அது எத்தனையோ வருசத்து வண்டி" என்று சொல்லி அத்தை போனை அணைத்தார்.

அந்தச் சனிக்கிழமை அத்தை குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். வண்டியை ஏற்ற அப்பா உதவ மறுத்து உள்ளே போய்ச் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். டிரைவரும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஏற்றினார்கள். அத்தை முன்னால் ஏறிக்கொண்டு, "வாரியா பாப்பா?" என்றார். ஏறினேன். எங்கே போகிறோம் என்று தெரியும். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது.

செல்லூரில் அந்தச் சந்துக்குள் நுழைந்ததுமே தறிகளின் இரைச்சல் காதை அடைத்தது. பட்டறைக்காரர் வண்டியைப் பார்த்துத் தயங்கினார். "டீச்சர், இம்புட்டு சூப்பரா பண்ணி வச்சிருக்காங்க. வெல்டிங் வச்சா பெயிண்ட்டு வெந்துரும்."

"வேகட்டும்ணே."

"கோடெல்லாம் போயிரும்."

"கோட்டைப் பிடிச்சு நான் நிறுத்த முடியாதுல்ல? வைங்க."

நெருப்புப் பொறி பறந்தது. கறுப்புப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பிச் சாம்பல் நிறமாயிற்று. பொற்கோடு கருகியது. கோயம்புத்தூர்ப் பெரியவரிடம் வாங்கிவந்த கால் பிரேக்கைக் கழற்றித் தரையில் போட்டார்கள். நான் சத்தமாக அழுதேன். தறிச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அத்தை பார்த்துவிட்டார். என்னைத் தேற்றவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, புதிய கைப்பிடி எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்று தம் கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

சித்தப்பா செய்ததை அத்தை வேண்டுமென்றே அழிக்கிறார், அழகான ஒன்றைக் கோபத்தில் எரிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். ஒரு மனுஷி தம் வண்டிக்குப் பிரேக் வைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியவில்லை. வீட்டுப் பெரியவர்கள் அந்த வண்டியிலிருந்து கழற்றி எறிந்தது தங்கள் வெட்கத்தை என்பதும் புரியவில்லை. அத்தையின் கால் சுவருக்குள் இருந்தவரை அவர்கள் அதை நேசித்தார்கள். தெருவில் இரண்டு சக்கரங்களாக எல்லோர் கண்ணிலும் பட்டதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ள எனக்குக் கல்லூரிப் படிப்பு தேவைப்பட்டது என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

சித்தப்பா அந்த ஜூலையில் கண்காட்சிக்குப் போகவில்லை. அத்தைக்குப் பத்தாம் வகுப்பு திரும்பக் கிடைக்க மறு ஜூன் ஆயிற்று. அதற்குள் அவர் மேலூரில் வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டுக்குக் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வருகிறார். தம் வண்டியில் வந்து, சாப்பிட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுகிறார். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் வண்டிச் சாவி அவர் கைக்குள்ளேயே இருக்கிறது.