மாமா காட்டிய தெப்பக்குளச் சுரங்கம்

சித்தியைப் பெண் பார்க்க மண்ணச்சநல்லூரிலிருந்து வந்தவர்கள் பதில் எதுவும் சொல்லாமலே காப்பியைக் குடித்து முடித்தார்கள். முன்பு வந்தவர்களும் இப்படித்தான் குடித்துவிட்டுப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

மாமா சமையல்கட்டுக்கு வந்து அம்மாவிடம் கிசுகிசுத்தார். “ரைஸ் மில்லுலயே கிடக்குற மாப்பிள்ளை, டவுனை எங்க பார்த்திருக்கப் போறாரு? பஸ்ஸுக்கு நேரம் இருக்கு, சுத்திக் காட்டி அசத்திடுறேன்.”

மாப்பிள்ளையின் அம்மாவே, “பொண்ணும் கூடப் போகட்டுமே” என்றார். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள்.

மாமாவுக்குப் பெரிய கடை வீதியில் பாத்திரக் கடை. சரித்திரம் பாதி தெரியும், மீதிக்கு அவரே ஈயம் பூசிவிடுவார். பின்னாளில் நான் ஏழாவதோடு படிப்பை நிறுத்திவிட்டதால் இன்றுவரை எனக்குத் தெரிந்த சரித்திரமும் அதுதான். மெயின் கார்டு கேட் பழைய கோட்டையின் வாசல் என்றார், அது நிஜம். சுவரில் இருந்த பள்ளம் பீரங்கிக் குண்டு பட்டது என்றார். அது போன மாதம் மாட்டு வண்டி இடித்தது, நானே பார்த்தேன். தெப்பக்குளத்தருகே வெள்ளைக்காரத் துரை வாழ்ந்த வீட்டுக்கு அடியிலிருந்து தஞ்சாவூருக்குச் சுரங்கம் போகிறது, குதிரையிலேயே போவார்கள் என்றார்.

“இருட்டுல குதிரை எப்படி சார் போகும்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“அதெல்லாம் பழகின குதிரைங்க.”

சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொய் பிடிபட்டால் சம்பந்தம் போச்சே என்று நான் மாமாவின் சட்டையை இழுத்தேன். அவர் கையைத் தட்டிவிட்டார். மாப்பிள்ளையோ, “சரியா விளங்கல சார். இன்னொரு சுத்து வரலாமா?” என்றார். மறுபடியும் குளத்தைச் சுற்றினோம்.

மாதா கோயில் பக்கம் சர்பத் கடைக்காரர் மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டார். “வாங்க தம்பி. காலேஜ் முடிச்சுப் போனவருக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? பொழுதன்னைக்கும் இந்தக் குளத்துப் படியிலதானே கிடப்பீங்க.”

மாமாவின் முகம் செத்துப்போனது. “மாமா பொய் சொன்னாருன்னு உங்கம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?” என்று மாப்பிள்ளையிடம் கேட்டேவிட்டேன்.

அவர் சிரித்தார். “காலேஜ்ல இந்தச் சுரங்கத்தை யாரும் சொல்லித் தரலியேம்மா. ஏன் சார், இன்னும் கட்டடம் பாக்கி இருக்கா?”

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. பாக்கி இல்லாமல் இருக்குமா? நவாப் இருந்த மகாலைக் காட்ட முன்னே நடந்தார்.

தை பிறந்ததும் கல்யாணம். சுரங்கம்தான் சித்தப்பாவை மயக்கிவிட்டது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ஊரை முழுக்க அறிந்த மனிதர் அந்த வெயிலில் எதற்கு இன்னும் கட்டடம் கேட்டார், ரேஷன் கடைக்கு நடக்கவே முணுமுணுக்கும் சித்தி, பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் ஏன் எங்களுக்கு முன்னால் நேராகப் போனாள் என்பதெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.