மஞ்சள் தடவிய திரை

போன வாரம் என் மனைவியின் அண்ணன் மகனுக்குப் பார்க்கிற பெண்ணின் விவரம் கைப்பேசியில் வந்தது. போட்டோ, பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் வரிசையாக இருந்தன. படிப்புக்கும் உயரத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றும் எழுதாத இடம். மற்ற வரிகளுக்கு நடுவில் அப்படி இல்லை. நான் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். அப்படியே இழுத்தேன். மறுபடியும் அழுத்தினேன்.

"இன்னாத்துக்கு அதப் போட்டுத் தேச்சிக்கினு இருக்கற? அழுக்கா?" என்றாள் மனைவி.

அழுக்கு இல்லை. எழுதாமல் விட்ட இடத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அவ்வளவுதான். இது பிறவிக் குணம் இல்லை. ஒரு வேலை கற்றுக்கொடுத்த குணம்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் அப்போது பிரவுசிங் சென்டர் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால் குளிர்ந்த காற்றோடு மல்லிகை சென்ட்டும் ஈரக் காலுறையும் கலந்த ஒரு வாசனை முகத்தில் மோதும். இன்றைக்கும் எங்காவது அந்த மட்டமான மல்லிகை சென்ட்டை மோந்தால் என் கை சுட்டெலியைத் தேடும். எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டுக்கும் பலகைத் தடுப்பு, முன்னால் பச்சைத் திரைத்துணி. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரில் அஞ்சாவது முடித்ததோடு பள்ளியும் முடிந்துபோன எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சந்தேகப்படுவதுதான் வேலை.

"எவன் இன்னா பாக்கறான்னு பாத்துக்கினே இருக்கணும். ஆனா நீ பாக்கறன்னு அவனுக்குத் தெரியக்கூடாது" என்று முதல் நாளே சொல்லிவிட்டார் முதலாளி. அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். நானோ எதிரில் வருகிறவர் முகத்தைப் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிற ஆள். முப்பதை நெருங்கிய வயதில் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரைத்துணிக்குக் கீழே தெரிகிற கால்களைப் பார்த்து ஆளைக் கணிக்கப் பழகினேன். கால் ஆடினால் பரீட்சை முடிவு. கால் அசையாமல் இருந்தால் விவகாரம். அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டு அவ்வப்போது பின்னாலேயே வந்து பார்ப்பார் என்பது தனிக்கதை.

மேசைக் கண்ணாடிக்கு அடியில் அண்ணன் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் இணையப் பக்கத்து எழுத்தை அலங்கரிக்கிற பத்துப் பன்னிரண்டு குறிகள் இருந்தன. கூர்மூக்கு வெளியே பார்க்கிற மாதிரி இரண்டு கோணல் கோடுகள், நடுவில் ஓர் எழுத்து. 'பி' போட்டால் தடித்த எழுத்து, 'ஐ' போட்டால் சாய்ந்த எழுத்து, 'பிஆர்' போட்டால் அடுத்த வரி. நிறத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டும். ஆங்கிலம் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான். அதனால் அந்தக் குறிகளைப் படமாகத்தான் மனதில் வைத்துக்கொண்டேன். திறந்த குறியைச் சாய்கோடு போட்டு மூடவேண்டும் என்பது மட்டும் எனக்கு உடனே பிடிபட்டது. ஆட்டுப்பட்டியின் படலைச் சாத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்று மலைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியும் ஒரு முறை மறந்துபோய், ஒரு மாப்பிள்ளையின் பெயரோடு அவர் அப்பா, அம்மா, ஊர், தாலுகா எல்லாம் தடித்துப்போயின.

அப்போது கல்யாணத்துக்குப் பெண், பிள்ளை பார்க்கிற தளங்களில் 'என்னைப் பற்றி' என்று ஒரு பெட்டி இருக்கும். அதற்குள் இந்தக் குறிகளைப் போட்டு எழுத்தை அலங்கரிக்கலாம். அண்ணன் வெளியே போயிருந்த ஒரு பகலில் ஏழுமலை என்பவர் தன் மகளோடு அந்த வேலைக்காகத்தான் வந்தார். தியாகதுருகத்துப் பக்கம் கரும்புக்காரர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு நேராக வந்திருந்தார். மகள் ரேவதி கல்லூரியில் இரண்டாவது வருஷம். விவரத்தை அவளே தட்டினாள். எழுத்தை அழகாக்குவது மட்டும் என் பொறுப்பு.

பெயருக்கு இரண்டு பக்கமும் நான் குறி போட்டதும் ஏழுமலை திரையருகே குனிந்தார்.

"எம் பொண்ணு பேர சுத்தி இன்னா தம்பி அது, முள்ளுவேலி?"

"எழுத்து தடியா வர்றதுக்குங்க ஐயா. இப்ப பாருங்க."

பொத்தானை அழுத்தினேன். குறிகள் மறைந்து பெயர் தடித்து வந்தது. அவர் முகத்தில் சந்தேகம் இன்னும் ஜாஸ்தியானது.

"அந்த முள்ளு எங்க போச்சு?"

"உள்ள இருக்குதுங்க."

"உள்ளன்னா எங்க? கண்ணுக்குத் தெரியாததயெல்லாம் எம் பொண்ணு பேர்ல எழுதி வெக்கிறியே, எவனாவது படிச்சிட்டு இன்னாவோன்னு நெனைக்க மாட்டானா?"

"நைனா, சும்மா இரு" என்றாள் ரேவதி. பிறகு என் பக்கம் திரும்பாமலே, "அண்ணா, கலரும் மாத்தலாமா?" என்று கேட்டாள்.

யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிக் காட்டினேன். கடைசியில் வித்தைக்காரனைப் போல வெள்ளை போட்டேன். வெள்ளைத் திரையில் அந்த வரியே காணாமல் போய், இருந்த இடம் மட்டும் இடைவெளியாக நின்றது.

"போயிட்டுதா?"

"எங்கயும் போவல. இப்டி இழுத்துப் பாரும்மா." சுட்டெலியை அழுத்தி இழுத்தேன். நீலப்பட்டை விழுந்து அதன் மேல் வெள்ளை எழுத்து தெரிந்தது. எல்லோரும் சிரிக்கிற இடம் அது. அவள் சிரிக்கவில்லை. சந்தேகப்படுவதற்காகவே வேலைக்கு வைக்கப்பட்ட நான் அன்றைக்குச் சந்தேகப்பட்டிருக்கவேண்டும். என் வித்தையிலேயே மயங்கிப்போய் நின்றேன். கடவுச்சொல்லை அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதன் பிறகு ஏழுமலை வாராவாரம் வந்தார். வருகிற நாளில் அவர் வேட்டியில் கரும்புப்பாகு வாசனை இருக்கும். மகளின் பக்கத்தைத் திரையில் தெரிகிற மாதிரியே அச்செடுத்து, மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக்கொண்டு போவார். முதலில் நாலைந்து வீட்டார் விசாரித்தார்களாம். அப்புறம் ஒருவரும் பேசவில்லை. "நல்லா பேசிக்கினு இருக்கறாங்க, விவரத்த எடுத்துப் பாத்துட்டு சொல்றோங்கறாங்க, அதோட சரி" என்று என்னையே உற்றுப் பார்த்தபடி சொல்வார். நான் தரையைப் பெருக்கப் போய்விடுவேன்.

ஒரு நாள் சங்கராபுரத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை வீட்டார் ரேவதியின் விவரத்தை அச்செடுக்கச் சொன்னார்கள். விளம்பரப் படங்களெல்லாம் சேர்ந்து விழும் என்பதால் பிறருடைய பக்கத்தை நாங்கள் அப்படியே அச்செடுப்பதில்லை. எழுத்தை மட்டும் உருவி நோட்பேடில் ஒட்டி எடுப்போம். எல்லாக் கடையிலும் அதுதான் வழக்கம். ஒட்டினால் தடிமன், சாய்வு, நிறம் எல்லாம் உதிர்ந்து வெறும் கறுப்பு எழுத்தாக நிற்கும். அப்படி நின்ற எழுத்தில், கடைசியில், நான் பார்த்திராத ஒரு வரி இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். 'எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம். இன்னும் படிக்கணும். வீட்டில் கேட்க மாட்டார்கள். நீங்களே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.'

பக்கத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். திரையில் அந்த இடத்தில் ஓர் இடைவெளிதான், நான் அவளுக்குக் காட்டின அதே வெள்ளை. பிள்ளை வீட்டார் ஒவ்வொருவரும் கடைக்குப் போய் அச்செடுத்து, படித்து, வாயைத் திறக்காமல் விலகியிருக்கிறார்கள். நான் அந்த வரியை அழிக்கவும் இல்லை, அண்ணனிடம் சொல்லவும் இல்லை. தாளை அவர்களிடம் கொடுத்துவிட்டேன். நல்லது செய்தேன் என்று நினைக்காதீர்கள். பயம்தான். சொன்னால் அந்த வித்தையை அவளுக்குக் காட்டியது யார் என்று கேட்பார்கள்.

அடுத்த வாரம் ஏழுமலை மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததுமே குரல் வந்துவிட்டது.

"சங்கராபுரத்துக்காரன் சொல்றான், பொண்ணுக்கே இஷ்டமில்லன்னு உங்க பேப்பர்ல போட்டிருக்குதேன்னு. இன்னாய்யா எழுதி வெச்சிருக்கறீங்க?"

அண்ணன் எழுந்து வந்தார். பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அவர் ஆங்கிலம் நன்றாகப் படிப்பார். மேலிருந்து கீழே படித்தார். ஒன்றும் இல்லை. ரேவதி புத்தகப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். இந்த வருஷப் பரீட்சைக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எழுதின வரியை அப்பா பார்த்துவிட்டால் அன்றோடு கல்லூரி முடிந்தது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

ஏழுமலை திரை முழுக்கக் கண்ணை ஓட்டினார். பிறகு அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"கொற எங்க இருக்குதுன்னு இப்பத்தான் தெரியுது. நான் தடவறதெல்லாம் எங்கையில இருக்கற பேப்பர்ல. அவங்க பாக்கறது இத. மஞ்ச தொடாத வெள்ளையில சேதி சொன்னா அது இன்னா சேதி? கருமாதி சேதி. எல்லாத்தயும் மஞ்சளாக்கு தம்பி."

"போட்டுக் குடுடா" என்றார் அண்ணன், பிரச்சினை இவ்வளவு சுலபமாகத் தீர்ந்த சந்தோஷத்தில்.

பெட்டியைத் திறந்து முதல் வரியில் பின்னணிக்கான குறியைப் போட்டேன். மஞ்சள். பொத்தானை அழுத்தினேன். பக்கம் மஞ்சளானது. கடைசி வரி இருந்த இடத்தில் ஏதோ தேய்ந்த சுண்ணாம்பு மாதிரி தெரிந்தது. இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும் என்கிற அளவுக்கு.

"இது எலுமிச்சம்பழக் கலரு. கொம்பு மஞ்ச கலரு வோணும்."

தாளில் அதற்குக் கிட்டத்தில் இருந்தது ஆரஞ்சுதான். ஆரஞ்சு போட்டால் வெள்ளை எழுத்து, வாழையிலையில் சோறு மாதிரி பளிச்சென்று நிற்கும். அண்ணன் என் தோளுக்குப் பின்னால். ஏழுமலை பக்கவாட்டில். திருத்துகிற பெட்டியில் முதல் நாலு வரிதான் தெரியும். கடைசி வரியையும் ஆரஞ்சாக்கி மறைக்கக் கீழே இறங்கினால் அங்கே எழுத்து கறுப்பாக அப்படியே கிடக்கும், அண்ணன் படித்துவிடுவார். ரேவதி அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். நான் யார் முகத்தையும் நேராகப் பார்க்காதவன். பார்த்துவிட்டேன்.

"ஐயா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மஞ்ச வெக்கறோம். சாமிய நெனச்சிக்கினு கண்ண மூடிக்கங்க. அண்ணே, நீங்களும்."

சுவரில் பிள்ளையார் படம் இருந்தது. ஏழுமலை உடனே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பிக் கண்ணை மூடினார். அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாடிக்கையாளர் கும்பிடுகிறபோது கடைக்காரர் கும்பிடாமல் நிற்க முடியாது. மூடினார். முழுசாக மூடினாரா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

கீழே இறங்கினேன். வெள்ளைக்கு ஆங்கிலத்தில் அஞ்சு எழுத்து, அழித்தேன். ஆரஞ்சுக்கு ஆறு எழுத்து. இரண்டு விரலால் தட்டுகிற எனக்கு அந்த ஆறும் வெள்ளிமலைக்கு நடந்து ஏறின மாதிரி இருந்தது. மேலே வந்து பின்னணியையும் மாற்றிப் பொத்தானை அழுத்தினேன்.

"ஆச்சுங்க."

ஏழுமலை கண்ணைத் திறந்தார். கொம்பு மஞ்சள் நிறத்தில் பக்கம் நிறைந்திருந்தது. கடைசி வரி இருந்த இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, அண்ணன் தடுப்பதற்குள், கண்ணாடித் திரையின் நான்கு மூலையிலும் மஞ்சளைத் தடவினார்.

"இப்ப பாரு, வந்து குவியும்" என்றார்.

வரவில்லை. அடுத்த வாரங்களிலும் பொட்டலத்தோடு வந்தார், ஆனால் என் மேல் இருந்த சந்தேகம் மட்டும் போய்விட்டது. ஒரு தடவை துண்டில் கட்டிக் கடலை கொண்டுவந்து கொடுத்தார். அதை அப்படியே அண்ணன் மேசையில் வைத்துவிட்டேன். நம்பாதவரை ஏமாற்றுவது ஒன்று, நம்பினவரை ஏமாற்றுவது வேறு. அந்த மனிதர் மகளுக்குக் கெட்டது நினைத்தவர் இல்லை. கேட்கத் தெரியாதவர், அவ்வளவுதான். ரேவதி ஹால் டிக்கெட் எடுக்க ஒரே ஒரு தடவை தனியாக வந்தாள். தாளை வாங்கிக்கொண்டு, "அண்ணா, குறிய மூட மறக்கல நீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு வருஷம் கழிந்து ஒரு நாள் வேலையில்லாத நேரத்தில் அவள் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியின் மேல் சுட்டெலியை இழுத்தேன். நீலப்பட்டையே விழவில்லை. வரி இல்லை, இடைவெளியும் இல்லை. படிப்பு முடிந்து அவளே எடுத்துவிட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். சில மாதங்களில் நான்கு மூலையிலும் மஞ்சளோடு பத்திரிகை வந்தது. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. கூட்டமென்றால் எனக்கு ஆகாது.

அந்த மாடியில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். எட்டுத் தடுப்புகளையும் பெயர்த்து விறகுக்குப் போட்டுவிட்டார்கள். கடை மூடின நாளில் பழைய திரைகளை ஒருவன் சாக்கில் அள்ளினபோது, ஒன்றின் மூலையில் மட்டும் எவ்வளவு துடைத்தும் போகாத மஞ்சள் இருந்தது. இப்போதைய தளங்களில் எல்லாவற்றுக்கும் கட்டம் கட்டிவிட்டார்கள். உயரத்துக்கு ஒரு கட்டம், நட்சத்திரத்துக்கு ஒரு கட்டம், சம்பளத்துக்கு ஒரு கட்டம். கோணல் குறி போட்டால் அது கோணல் குறியாகவே பல்லைக் காட்டுகிறது. எழுத்தைத் தடிமனாக்கவும் இடமில்லை, வெள்ளையாக்கவும் இடமில்லை. வேண்டாம் என்று சொல்ல நினைக்கிற பெண் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவாள் என்று தெரியவில்லை.

போன வாரம் அந்த விரலகல இடத்தில் நான் எவ்வளவு அழுத்தியும் ஒன்றும் எழும்பவில்லை. கைப்பேசியை மனைவியிடம் நீட்டினேன்.

"உங்க அண்ணங்கிட்ட சொல்லு. பூ வெக்கறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ண ஒரு தடவ தனியா கேட்டுடச் சொல்லு."

"ஏன், இன்னா தெரிஞ்சுது அதுல?"

"ஒண்ணும் தெரியல. அதான்."