‘ம்’ போடுகிற கருத்தம்மாள்

“ம்” என்றாள் கருத்தம்மாள். அதன் பிறகுதான் ராஜா குதிரையில் ஏறினார். அதுவரை ஒரு காலைத் தரையிலும் மறு காலை அங்கவடியிலும் வைத்துக்கொண்டு, கிரீடமும் தானுமாகக் காத்துத்தான் நின்றார். வேறொன்றுமில்லை, கருத்தம்மாளுக்கு நடுவில் ஒரு தும்மல் வந்துவிட்டது.

இராமநாதபுரத்தில் சேதுராமனின் மிளகாய் மண்டி. அதன் பின்கொட்டகையில், காய்ந்த குண்டு மிளகாய்க் குவியலைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறார்கள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டியிருப்பதால் பார்வைக்கு வழிப்பறிக் கூட்டம் போல இருக்கும். எல்லாரும் முதுகுளத்தூர்ச் சாலையோரக் கிராமங்களிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள். மழை பெய்த வருஷம் சொந்தக் காட்டில் மிளகாய் பழம் எடுப்பார்கள்; பெய்யாத வருஷம் அடுத்தவர் மிளகாய்க்குக் காம்பு கிள்ளுவார்கள். பெய்யாத வருஷங்களே அதிகம் என்பதால் கொட்டகையில் எப்போதும் கூட்டம் இருக்கும்.

கதை சொல்கிறவள் பஞ்சம்மாள். கேட்கிறவர்கள் அத்தனை பேரும். ‘ம்’ போடுகிறவள் கருத்தம்மாள் ஒருத்திதான்.

நான் அந்த மண்டியின் மாடியில் குடியிருக்கிறேன். கல்லூரியில் இலக்கிய வகைகள் என்ற பாடம் நடத்துகிறேன். கரு, கதைப்பின்னல், பாத்திரம், களம், நோக்குநிலை, உச்சம் என்று கதையின் உறுப்புகளை ஆறாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வீடு திரும்பினால், கீழே ஏழாவது உறுப்பு தும்மிக்கொண்டிருக்கும்.

கொட்டகைக்கென்று தனியாக ஓர் இலக்கியப் பகுப்பு உண்டு. ஒரு மூட்டை மிளகாய் முடிவதற்குள் முடிந்தால் அது சிறுகதை. லாரி லோடு கிளம்பும்வரை நீண்டால் அது நாவல். செய்யுள் வகைகளை மட்டும் முதலாளி சேதுராமனே வகுத்து வைத்திருக்கிறார். தெம்மாங்குக்கு அனுமதி உண்டு, கை பறக்கும். தாலாட்டுக்கு ஒரு காலத்தில் அனுமதி இருந்தது. காம்பு கிள்ளுகிறவர்களில் ஒருத்தியான ராக்கு குவியல் மேலேயே சாய்ந்து தூங்கியதிலிருந்து இல்லை. ஒப்பாரிக்கு அறவே தடை. ஒருத்தி எடுத்தால் மற்றவர்கள் கிள்ளுவதை விட்டுவிட்டுத் தத்தம் வீட்டுச் சாவுகளுக்குப் போய்விடுகிறார்கள் என்பது அவர் கட்சி. யாப்பை ஓசையால் பிரித்தவர்களை நான் படித்திருக்கிறேன். விளைச்சலால் பிரித்தவர் எனக்குத் தெரிந்து இவர்தான்.

கருத்தம்மாளின் ‘ம்’முக்கு வருவோம். அதில் நான்கு வகையை நான் அடையாளம் கண்டிருக்கிறேன். கீழுதட்டை அசைக்காமல் வரும் குட்டை ‘ம்’ என்றால் வண்டி போகலாம் என்று அர்த்தம். நாக்கும் சேர்ந்து வரும் ‘ம்ச்’ இரக்கம். கடைசியில் சற்று மேலே தூக்கும் ‘ம்ம்?’ சந்தேகம்; பஞ்சம்மாள் பயப்படுவது அதற்குத்தான். ஒருமுறை இளவரசன் ஏழு கடல் தாண்டிப் போனான். “ம்ம்?” என்றாள் கருத்தம்மாள். “ஓடத்துலதான்த்தா, ஓடத்துலதான்! அத மொதல்லயே சொல்ல விட்டுட்டேன்” என்று பஞ்சம்மாள் அவசரமாக ஓர் ஓடத்தைச் செய்து கடலில் இறக்கினாள்.

நான்காவது ‘ம்ஹூம்’. அபூர்வமானது. வந்தால் மேல்முறையீடு கிடையாது. போன தை மாதம் ஒரு கதையில் நல்லவளான மூத்த தாரம் பாம்பு கடித்துச் செத்தாள். ‘ம்ஹூம்’ விழுந்தது. பிறகு அது தண்ணீர்ப் பாம்பு என்று தெரியவந்து, மூத்த தாரம் எழுந்து உட்கார்ந்தாள்.

‘ம்’ இல்லாமல் கதையே கிடையாதா என்று பஞ்சம்மாளை ஒருமுறை கேட்டேன். “ம் போட ஆளில்லன்னா கதை தடம் தெரியாம வேற வீட்டுக்குப் போயிரும் சார்” என்றாள். வேறு யாராவது போட்டால் என்ன? “போடலாம். ராக்கு போடுவா. எதுக்குச் சொன்னாலும் போடுவா. ஆட்டுக்குட்டி மாதிரி.” பக்கத்தில் இருந்த ராக்கு அதற்கும் ‘ம்’ என்றாள்.

இவ்வளவு சிக்கனமாகப் பேசுகிற கருத்தம்மாள் கதைக்கு வெளியே எப்படி என்று பார்த்தால், அந்தச் சாலையில் ஓடும் எல்லா பஸ் கண்டக்டர்களும் அவளுக்குப் பயப்படுகிறார்கள். “ஏலே, நிறுத்துலே! கூடைக்கு டிக்கெட்டு கேட்டியே, கூடைக்கு உக்கார எடம் குடுத்தியா?” என்ற குரல் மாடிவரை கேட்கும். எடை போடும் முனியசாமி தராசை லேசாகத் தொட்டாலே போதும். “வெரல எடுலே. ஒன் வெரலுக்கா நாங்க காம்பு கிள்ளுனோம்?” வாய் ஓயாத இந்தப் பெண், கதை ஆரம்பித்ததும் ஓரெழுத்துக்குள் அடங்கிவிடுவாள். அவள் கடைப்பிடிக்கும் ஒரே சட்டம் அது. கேட்கிறவள் ‘ம்’ போடலாம். வாயைத் திறந்து கேள்வி கேட்கக்கூடாது. கேட்ட பெண்களை முறைத்தே அடக்கியிருக்கிறாள்.

கதை என்றால் அவளுக்கு உயிர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதுவும் இல்லையாம். “பொய்யக் கேக்க எனக்கென்ன சார் கிறுக்கா? கை ஓடணும், அதுக்குக் கேக்குறது.”

இப்படிப்பட்ட கொட்டகையில்தான், பாம்பனில் ரோட்டுப் பாலம் திறந்து ஓரிரு வருஷம் ஆன சமயத்தில், ஒரு கதை பாதியில் நின்றுபோனது. விவரத்தைச் சொன்னவள் ராக்கு. குடிக்கத் தண்ணீர் கேட்டு மாடிக்கு வருகிறவள், தண்ணீரை விட அதிகமாகக் கொடுத்துவிட்டுப் போவாள்.

கருத்தம்மாளுக்கு வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள் முத்தழகு. பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரத்துக்கு லோடு அடிக்கிற ஒரு வேன் டிரைவரோடு, சொல்லாமல் போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். உச்சிப்புளியில் குடித்தனம். அன்றிலிருந்து மகளைப் பற்றி யார் எடுத்தாலும் கருத்தம்மாள் “எந்த மக?” என்பாள். அதற்கு மேல் எடுத்தவர்களோடு பேச்சையே வெட்டிவிடுவாள். “எங்கூடவே ஒரு மாசம் பேசல சார். பஸ்ஸுல பக்கத்துல உக்காந்துக்கிட்டே பேசல” என்றாள் ராக்கு.

உச்சிப்புளியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன பஞ்சம்மாளை முத்தழகு கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். “அத்தே, அம்மா என்னய ஒருக்கா வாசல்ல ஏத்துனாப் போதும். வையட்டும், அடிக்கட்டும். நீங்கதான் காதுல போடணும்.” நேராகப் போட்டால் என்ன ஆகும் என்பது பஞ்சம்மாளுக்குத் தெரியும். எனவே தனக்குத் தெரிந்த ஒரே வழியில் போட்டாள்.

ஒரு ஊரில் ஒரு ராணி. ராஜா செத்துப்போனார். ஒரே மகள். அவள் ஓடக்காரன் ஒருவனோடு போய்விட்டாள். ராணி கோட்டைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், கருத்தம்மாள் முழுக்க முழுக்க ராஜகுமாரி பக்கம் நின்றாள். ஓடக்காரன் மழையில் நனைந்ததற்கு ஒரு ‘ம்ச்’. ராஜகுமாரி பசியோடு படுத்ததற்கு இரண்டு ‘ம்ச்’. ராணி மனம் இறங்கவில்லை என்றபோது, அந்த ராணியைக் கண்டிக்கிற தோரணையில் ஒரு நீளமான ‘ம்ம்...’. மற்ற பெண்கள் குவியலைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு கிள்ளினார்கள். முந்தானை வாயை மறைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

கதை நன்றாகப் போகும்போதுதான் சொல்கிறவர்களுக்கு வாய் நீளும். பஞ்சம்மாளுக்கும் நீண்டது. “போற அன்னைக்கு விடியல்ல அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு தெரியுமா? ஆத்தாகாரி சேலையெல்லாம் எடுத்துத் தொவச்சு, கொடியில காயப் போட்டு, குடத்துல தண்ணியும் நெறச்சு வச்சுட்டுத்தான் போச்சு.”

“எந்த ஊருல ராசா மக சேலை தொவைக்கிறா?” என்று ராக்கு சிரித்தாள்.

கருத்தம்மாள் சிரிக்கவில்லை. ‘ம்’மும் போடவில்லை. கையிலிருந்த மிளகாய் காம்போடு அப்படியே இருந்தது. அந்தக் கொடியையும் குடத்தையும் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள், இன்னொருத்தியைப் பஞ்சம்மாள் பார்த்திருக்கிறாள்.

பஞ்சம்மாளுக்கும் உறைத்துவிட்டது. ஆனாலும் ஆற்றில் இறங்கியாயிற்று. “இப்ப அந்தப் புள்ள இடுப்புல கொழந்தையோட கோட்டை வாசல்ல வந்து நிக்கிது” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

‘ம்’ வரவில்லை. அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. ராஜகுமாரி வாசலிலேயே நின்றாள். கருத்தம்மாள் எல்லாரையும் போல வந்தாள், கிள்ளினாள், போனாள். பஸ் கண்டக்டரிடம்கூடச் சண்டை போடவில்லை. அதில்தான் ஊரே பயந்துவிட்டது.

கொட்டகையில் வேலை மந்தமாயிற்று. விருதுநகர் லாரி வந்து நின்றுகொண்டிருந்தது. மற்றவர்கள் கைகொடுக்கப் பார்த்தார்கள். ராக்கு ‘ம்’ போட்டாள், கதை அசையவில்லை. முனியசாமி தராசுப் பக்கமிருந்து ஒன்று போட்டான். அது எருமை செருமியது போல இருந்ததால் எல்லாரும் சிரித்ததோடு சரி. கடைசியில் சேதுராமனே கல்லாவிலிருந்து எழுந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “ம்... ம்... மேல சொல்லுத்தா” என்றார்.

“நீங்க போடுற ம்முக்குக் கதை வராது மொதலாளி. லாரிதான் வரும்” என்றாள் பஞ்சம்மாள்.

“அப்ப அந்தப் புள்ளைய வாசல்லயே நிக்க வச்சுக் கொல்லப் போறீகளா?” என்று முதலாளி குரலை உயர்த்தினார். காம்பு கிள்ளாத மிளகாயைப் பற்றித்தான் பேச வந்தார். வாயில் வந்தது அது. சங்கடமாகிப்போய் மறுபடி கல்லாவுக்குப் போனார்.

அடுத்த புதன்கிழமை, சந்தை நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் மாடிப் படியில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தேன். கருத்தம்மாள் குவியலிலிருந்து கண்ணை எடுக்காமல், யாரிடமோ போலக் கேட்டாள்.

“அந்தப் புள்ள இடுப்புல இருக்குறது ஆம்பளப் புள்ளயா, பொட்டப் புள்ளயா?”

கொட்டகையில் ஒரு தும்மல்கூட இல்லை. கேள்வி கேட்கக்கூடாது என்று சட்டம் போட்டவள் கேட்கிறாள்.

“பொட்டப் புள்ள” என்றாள் பஞ்சம்மாள். கதைக் குரல் இல்லை அது, சாதாரணக் குரல்.

“யாரு சாயலு?”

“வேற யாரு? ராணி சாயல்தான். அதே ஏறு நெத்தி. அழுதா அடுத்த ஊருக்குக் கேக்கும்.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டுப் பயந்து நிறுத்தினாள். கருத்தம்மாள் கோபப்படவில்லை. இரண்டு மிளகாய் கிள்ளினாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“கோட்டை வாசலு எங்கன இருக்கு?”

பஞ்சம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். “தூரமில்லத்தா. பஸ் ஸ்டாண்டுலதான். உச்சிப்புளி வண்டி வந்து நிக்கிற எடத்துக்கு இந்தப் பக்கம், டீக்கடை ஓரமா. சந்தைக்குன்னு வந்து காலையிலருந்து நிக்கிது. வெயில் ஏறிருச்சு.”

ராஜா ராணி காலத்துக் கதையில் பஸ் ஸ்டாண்டு வந்தால் காலவழு என்று மாணவர்களின் விடைத்தாளில் சிவப்பு மையால் சுழிப்பேன். இங்கே யாரும் சுழிக்கவில்லை. எல்லாருடைய கையும் நின்றிருந்தது. கல்லாவில் சேதுராமனும் நோட்டைப் பிரித்தபடி எண்ணாமல் இருந்தார்.

கருத்தம்மாள் மடியிலிருந்த காம்பை உதறிவிட்டு எழுந்தாள். மூக்கில் கட்டியிருந்த முந்தானையை அவிழ்த்து இழுத்துச் செருகினாள். வாசல் பக்கம் போவாள் என்று பார்த்தால், கொல்லையிலிருந்த தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். சோப்பைத் தேய்த்து முழங்கை வரை கழுவினாள். முகர்ந்து பார்த்தாள்; மிளகாய்க் காரம் போகவில்லை. தன் தூக்குச்சட்டியைத் திறந்து, மத்தியானத்துக்கு வைத்திருந்த மோரைக் கையில் ஊற்றி, விரல் இடுக்கெல்லாம் தேய்த்தாள். நகத்தை நகத்தால் சுரண்டிக் கழுவினாள். பிறகு சுண்டுவிரலைத் தன் கண்ணிமை மேல் மெதுவாக வைத்துப் பார்த்தாள்.

எரிந்திருக்க வேண்டும். “ராக்கு, ஒன் மோரையும் எடுத்தாடி” என்று கையை நீட்டினாள்.