எது சிவப்பு, எது பச்சை என்று அப்பா கேட்டார்

இன்று மதியம், நான் செய்த கப்பலில் விளக்கு மாறியிருக்கிறது என்று ஒருவர் சொன்னார்.

"வாய்ப்பே இல்லங்க" என்றேன்.

(இன்ஜினியரிங் படித்தவன் வாயில் முதலில் வருவது அதுதான்.)

இடம், தருமபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். ஹாபி கண்காட்சி. ஒரு பக்கம் தபால்தலை, ஒரு பக்கம் போன்சாய், மூலையில் என் மாடல் ரயில் லேஅவுட்.

எட்டடிக்கு நாலடி பிளைவுட். அதில் ஒரு துறைமுகம், உள்ளே வந்து போகும் கூட்ஸ் ரயில், பக்கத்தில் ஒரு சரக்குக் கப்பல். ரயில் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: போதாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இரண்டும் வேண்டும்.

கப்பல் எழுபது சென்டிமீட்டர்தான். நிஜமான நிலக்கரிக் கப்பலை இதே ஸ்கேலில் செய்தால் இரண்டரை மீட்டர் வரும். வீட்டில் யாராவது ஒருவர் வெளியே படுக்க வேண்டும்.

அப்பா லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே நின்றார். அவர் லைன்மேன். வருகிறவர்களிடம் ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எம் பையன்தான். பி.இ. மெக்கானிக்கல். கப்பல் இன்ஜினியர் கோர்ஸ்ல சீட்டு கெடச்சிருச்சு. மெடிக்கல் பாஸ். சேர்ற தேதிதான் வரணும்."

கடைசி இரண்டும் பொய். அவர் சொன்ன பொய் இல்லை, நான் அவரிடம் சொன்னது. அவர் நம்பி ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. மூன்று மாதம் முன்பு சென்னையில் மெடிக்கல். டாக்டர் புள்ளி புள்ளியாக அச்சடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து, "என்ன நம்பர் தெரியுது?" என்றார்.

"நம்பர் எங்க சார் இருக்கு?" என்றேன்.

இன்னும் ஏழெட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு மூடிவிட்டார். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத கண். பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது. கப்பலில் ஏற முடியாது.

அதுவரை எனக்கே தெரியாதா என்றால், பாதி தெரியும். எல்.இ.டி. விளக்குகளை நான் கண்ணால் பிரித்ததே இல்லை. மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துத்தான் சிவப்பு எது, பச்சை எது என்று முடிவு செய்வேன். அதற்குத் துல்லியம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இன்று குறை சொன்னவர் திருமலைராயன்பட்டினத்து பாய் ஒருவர். ஐம்பது வயது இருக்கும். கப்பலில் போசன், அதாவது மேல்தள ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி. லீவில் வந்திருக்கிறார்.

"தம்பி, கப்பலுக்கு எடது பக்கம் செவப்பு, வலது பக்கம் பச்சை. நீங்க மாத்தி வச்சிருக்கீங்க."

யோசித்ததும் புரிந்துவிட்டது. கப்பலைக் கவிழ்த்துப் போட்டு ஒயரிங் செய்தேன். கவிழ்த்தால் இடம் வலமாகும். யாருக்கும் வரக்கூடிய தவறுதான். ஆனால் மற்றவர்கள் சுவிட்சைப் போட்ட நொடியில் கண்டுபிடித்திருப்பார்கள். எனக்கு இரண்டும் ஒரே மங்கல் மஞ்சள்.

"மாத்திடுடா, ஒரு நிமிஷ வேலை" என்றார் அப்பா.

இரண்டையும் பிடுங்கி ஒரே உள்ளங்கையில் வைத்தேன். அங்கேதான் சொதப்பினேன். எது எங்கிருந்து வந்தது என்று கலந்துவிட்டது. மல்டிமீட்டர் வீட்டில்.

சரி, பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொருகி சுவிட்சைப் போட்டேன்.

"அப்படியேதான் இருக்கு தம்பி. மாறவே இல்ல" என்றார் போசன்.

அப்பா சிரித்தார். "என்னடா பி.இ.? செவப்பு எது, பச்சை எதுன்னு தெரியலையா ஒனக்கு?"

கிண்டல்தான். சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். மூன்று மாதமாகச் சமாளித்து அலுத்துவிட்டது.

"தெரியலப்பா."

"வெளையாடாத."

"வெளையாடல. எனக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியும். எப்பவுமே."

போசன் முகம் மாறியது. அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"மெடிக்கல் போனீங்களா தம்பி?"

"போனேன். அன்ஃபிட்."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. போசனைத்தான் பார்த்தார். "பாய், வேற டாக்டர்கிட்ட காட்டினா?"

"எங்க காட்டுனாலும் அதே புத்தகந்தாண்ணே."

"இஞ்சின் ரூம்ல வேலை செய்றவனுக்குமா பாக்குறாங்க?"

"அவங்களுக்கும் பாக்குறாங்கண்ணே."

அப்பா குனிந்து இரண்டு விளக்கையும் எடுத்து மாற்றிச் சொருகினார். பத்து வினாடிகூட ஆகவில்லை.

"இப்ப சரியா பாய்?"

"சரியா இருக்குண்ணே."

அதன் பிறகு வந்தவர்களிடம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி என்ன படிக்குது?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு, "படிச்சிட்டான்" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் லோடு ஆட்டோவில் பிளைவுட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வரும்போதுதான் பேசினார்.

"மூணு மாசமா சொல்லலையேடா."

"நீங்க அதுக்குள்ள எல்லார்ட்டயும் சொல்லிட்டீங்க."

"நீ சொன்னதத்தான சொன்னேன்."



கொஞ்ச தூரம் போனதும், "சரி வுடு. கப்பல் இல்லன்னா போவுது. ரயில்வேல இஞ்சின் ஓட்டுற வேலைக்கு எழுது. அதுவும் ஒனக்குப் புடிச்சதுதான" என்றார்.

"அதுக்கும் இதே டெஸ்ட்தான்ப்பா."

வீட்டில் பிளைவுட்டை இறக்கி வைத்த பிறகு அப்பா, "அம்மாகிட்ட நீயே சொல்லிடு. என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அம்மா கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார். வர அரை மணி நேரம் ஆகும். (அவர் ஃபேஸ்புக்கில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.)

இதே கண்ணோடு இருப்பவர்கள் யாராவது படித்தால், வீட்டில் முதலில் என்ன சொல்லி ஆரம்பித்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். ஆறுதல் வேண்டாம். அந்த முதல் வாக்கியம் மட்டும் போதும். சீக்கிரம்.