பரிமளாவுக்கு என்ன குறை வைப்பது

அன்றைக்குக் காலை வியாபாரம் முடிந்து இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். பரிமளாவின் நம்பரிலிருந்து போன் வந்தது. "என்னடி, பஸ் ஏறிட்டியா?" என்று கேட்டேன். ஒரு ஆம்பளைக் குரல் பேசியது.

"அம்மா, இந்த போன்ல கடைசியா பேசின நம்பர் உங்களுதுதான். வேங்கிக்கால் பஸ் ஸ்டாப்புல இவங்க உக்காந்த வாக்குலயே சாஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் செருப்பை ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். நீல வார் வைத்த புதுச் செருப்பு. அந்த வாரம்தான் நான் வாங்கிக் கொடுத்தேன். "நாலஞ்சு நாளாவே நெஞ்சு வலி இருந்திருக்கணுமே, உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார். நான் பையைப் பிடித்தபடி நின்றேன்.

பரிமளா என் வீட்டுக்காரருக்குத் தங்கச்சி, எனக்கு நாத்தனார். கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடேயே இருந்துவிட்டவள். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அடி அண்ணாமலையில் என் இட்லிக் கடையில் அவளைப் பார்த்தவர்கள். மீதிப் பேர் அவள் முகத்தையே நேரில் பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளோடு கேம் ஆடினவர்கள். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் அவளோடு கேம் ஆடின ஹேமா திருத்திப் போடும்.

பரிமளாவுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வீடியோ கேமுக்கு ஆள் வரைந்து அனுப்புவாள். பௌர்ணமி வந்தால் மட்டும் வேலையை மூடி வைத்துவிட்டுக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்காருவாள். சுக்குக் காபி ஆத்தித் தருவாள் என்று பார்த்தால், கிரிவலம் போகிற ஜனங்களின் காலையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருத்தர் குதிகாலை ஊன்ற முடியாமல் நடப்பார். ஒரு அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறு என்று போவார்.

"கூட்டத்துல என்னடி கால வேடிக்கை பார்க்கற, டம்ளரக் கழுவு" என்பேன்.

"நடையத்தான் அண்ணி மொதல்ல வரையணும். மூஞ்சி அப்புறம் தானா வரும்" என்பாள்.

ஒரு தடவை தண்ணி லாரி ஓட்டுகிற பொம்பளை ஒருத்தியை வரைந்து அனுப்பினாள். இடுப்பு ஜாஸ்தி, கம்மி பண்ணுங்க என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "லாரி ஓட்டறவளுக்கு இடுப்பு இருக்காதா? ஸ்டியரிங்க இவனுங்களா திருப்பப் போறானுங்க?" என்று சாயங்காலம் வரைக்கும் திட்டினாள். கடைசி வரை கம்மி பண்ணவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் காசுக்கு இல்லை. அது அவளுடைய சொந்த ஆட்டம், அவரவர் ஊரிலிருந்தே போனில் பேசிக்கொண்டு ஆடுவது. ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த மாதிரி கேமிலிருந்து ஒரு ஆளைக் கூட்டி வரலாம். ஆம்பூர் இம்ரான் விண்வெளிச் சிப்பாயாக வருவான். கீழ்பென்னாத்தூர் சரவணன் வாள் தூக்கிய ராஜா. சென்னையிலிருக்கும் ஹேமா, கார் பந்தயக்காரி. ராஜாவும் ராக்கெட்டும் காரும் ஒரே கதைக்குள் இருக்கும். ஊரையும் காட்டையும் வரைந்து, கதையைச் சொல்லி நடத்துகிறவள் பரிமளா. ஒவ்வொரு ஆள் தலைக்கு மேலும் பச்சையாக ஒரு கோடு ஓடும். அடி பட்டால் கோடு குறையும். அதுதான் உயிர்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்பேன். ஒருநாள் வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த ராஜா ஏன் முட்டாள் மாதிரி நேரா போறான்?" என்றேன். போனிலிருந்து சரவணன் சத்தம் போட்டான், "அண்ணி, நீங்களே ஒரு ஆளை எடுத்துனு வாங்க, பார்க்கலாம்!" பரிமளா என் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

"சொல்லுங்க அண்ணி. உங்க ஆளுக்கு என்ன பலம்?"

"இட்லி சுடும்."

"அது ஒரு பலமா?"

"ஆவி பறக்கற பானை மூடிய வெறும் கையால எடுப்பேன். நீ எடு பார்க்கலாம்."

அவள் சிரிக்கவில்லை. 'நெருப்பு சுடாத கை' என்று கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டாள். அடுத்து, "சரி, என்ன குறை?" என்று கேட்டாள்.

"எனக்கு என்னடி குறை?"

"குறை இல்லாத ஆள என் ஆட்டத்துல சேர்க்க மாட்டேன். ஆளுக்கு ஒரு கேம்லருந்து வராங்க. எல்லாருக்கும் எல்லாம் முடியும்னா ஒருத்தர ஒருத்தர் எதுக்குத் தேடணும்? குறை இருந்தாத்தான் அண்ணி அடுத்தவங்களுக்கு வேலை இருக்கும்."

உள்ளே இருந்து அவள் அண்ணன் குரல் கொடுத்தார். "உங்கண்ணி வாயில ஒரு விஷயம் தங்காது, அத எழுது."

அதையே எழுதினாள். அடுத்த வாரமே அதன் பலன் தெரிந்தது. கதையில் காவல்காரர்களுக்குப் பயந்து எல்லாரும் வைக்கோல் போருக்குள் ஒளிந்திருக்கிறோம். "இவ்ளோ வைக்கோல வச்சிக்கினு ஒரு மாடு கூட இல்லியே!" என்று நான் சொல்லிவிட்டேன். இம்ரான் குசுகுசு என்று, "ஆன்ட்டி, நாம ஒளிஞ்சினு இருக்கோம்" என்றான். பரிமளா உடனே காவல்காரன் குரலில், "யார்றா அங்க?" என்றாள். அன்றைக்கு என்னைக் காப்பாற்றியே ராஜாவுக்குப் பாதிக் கோடு போய்விட்டது.

அந்த மலை விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கதையில் ஒரு பெரிய மலை வந்தது. உச்சியில் ஒரு அரக்கன். சிப்பாய் கயிறு எடுத்தான், ராஜா வாளை உருவினான். நான், "வந்ததும் வராததுமா ஏறிடறதா? மொதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வரணும்" என்றேன். இந்த ஊர்க்காரிக்கு மலை என்றால் வேறு என்ன தோன்றும்? ஹேமா ஒத்துக்கொண்டது. அதோடும் நான் விடவில்லை. "எல்லாரும் ரோட்டுக்கு இடது பக்கமா வாங்க. மலைப் பக்கம் சித்தருங்க நடக்கற இடம், அத விட்டுடணும்." இம்ரான் கூட, "சரிங்க ஆன்ட்டி" என்று சிப்பாயை இடது பக்கம் ஒதுக்கிக்கொண்டான்.

பரிமளா தலையில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, மலைக்குப் பின்பக்கம் நான் ஒண்ணுமே வரையல. நீங்க ஏறுவீங்கன்னு முன்பக்கம் மட்டும்தான் இருக்குது!" கண்ணில் தண்ணி வர வர அப்படிச் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்பக்கம் வந்துவிட்டது. பாறை, புதர், ஒரு குளம், குளத்தங்கரையில் ஒரு அடுப்பும் இட்லிப் பானையும். அன்றிலிருந்து அந்த ஆட்டத்தில் யார் எந்த மலைக்குப் போனாலும் சுற்றித்தான் போவார்கள், இடது பக்கமாகத்தான் நடப்பார்கள்.

"உன் ஆளு எங்கடி?" என்று அவளைக் கேட்டிருக்கிறேன். "கதை சொல்றவளுக்குத் தனியா ஆள் கிடையாது அண்ணி. பேய், அரக்கன், கழுதை எல்லாம் நான்தான்" என்பாள்.

கருமாதி முடிந்த வாரம் ஹேமா போன் செய்தது. எல்லாரும் சேர்ந்து பேசினோம். ஆட்டத்தை நிறுத்த மனசில்லை, இம்ரான் கதை நடத்துகிறேன் என்கிறான், பரிமளா அக்காவையே ஒரு ஆளாக உருவாக்கி உள்ளே வைக்கப் போகிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவில்லை. "தங்கச்சி போயி ஈரம் கூட காயல, உனக்கு கேம் கேக்குதா?" என்றார்.  நான் போனை வைக்கவில்லை.

ஹேமா வரைந்திருந்த படத்தைக் காட்டியது. வெள்ளைப் புடவை, முழங்கால் வரைக்கும் முடி, தலையைச் சுற்றி வெளிச்சம். "அக்காவுக்கு எல்லா பலமும் குடுத்துட்டோம் அண்ணி. அவங்கள யாராலயும் தொட முடியாது. கோடு குறையவே குறையாது" என்று சரவணன் சொன்னான். சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது யாரோ.

"யாருப்பா இது?" என்று கேட்டேன். "எங்க பரிமளா நைட்டி மேல அவங்க அண்ணன் சட்டையப் போட்டுனு சுத்துவா. கண்ணாடி ஒரு பக்கம் எறங்கி இருக்கும். முடிய ஒரு கிளிப்புக்குள்ள அள்ளிச் செருகியிருப்பா. கோவம் வந்தா சாயங்காலம் வரைக்கும் திட்டுவா. இந்த அம்மாவ நான் பார்த்ததே இல்ல. குறை இல்லாத ஆள உள்ள விட மாட்டேன்னு அவதானே சொன்னா? அவ ஆட்டத்துல அவளையே அப்படி விட்டா ஒத்துக்குவாளா?"

 அப்புறம் இம்ரான் கேட்டான். "அப்போ அக்காவுக்கு என்ன குறை வைக்கறது ஆன்ட்டி?"

அவள் சொன்ன மாதிரியே நடையிலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் கடைசி வாரம் பௌர்ணமிக் கூட்டம் முடிந்து கடையிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது புளியமரத்தடியில் நின்று நின்று வந்தாள். ஒரு கை இடது தோளைப் பிடித்திருந்தது. "என்னடி?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல அண்ணி. செருப்பு கடிக்குது" என்றாள். நான் அதை நம்பி மறுநாளே டவுனுக்குப் போய் மெத்தென்று பார்த்துச் செருப்பு வாங்கி வந்தேன். அவளும் போட்டுக்கொண்டு, "இப்ப நல்லா இருக்குது" என்று சொன்னாள். அதைப் போட்டுக்கொண்டுதான் வேங்கிக்காலுக்கு பஸ் ஏறினாள்.

"அவளுக்கு வலிக்குதுன்னு சொல்ல வராது" என்றேன். "அதுதான் அவ குறை. அத வையுங்க."

ஹேமா அழுதுகொண்டே புடவையை அழித்துவிட்டுச் சட்டை போட்டது. கண்ணாடியை இறக்கியது. ஆட்டத்தில் இதை எப்படிக் கொண்டு வருவது என்று இம்ரான் யோசித்தான். பரிமளாவின் ஆளுக்குத் தலைக்கு மேல் கோடு தெரியாது. எவ்வளவு அடி பட்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் போய்க் கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் ஒண்ணுமில்லை என்றுதான் பதில் வரும். இரண்டாவது தடவை கேட்டால்தான் கோடு தெரியும்.

ஹேமாவுக்கு ஒரு ஆசை. "அக்காவ மலைப் பக்கமா நடக்க விடலாமா அண்ணி? சித்தருங்க போற பக்கம்?"

"வேணாம்மா. நம்ம பக்கமே நடக்கட்டும். அங்க போயிட்டா எப்படிக் கேக்கறது?" என்றேன்.

அவளிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று கேட்டால், செருப்பு இருக்கிறது. மலைக்குப் பின்பக்கம் வரைந்த படம் கடைச் சுவரில் இருக்கிறது. அதை விட, இரண்டாவது தடவை கேட்கிற பழக்கம் வந்திருக்கிறது. போன பௌர்ணமிக்கு ஒரு பெண் கடை பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்றாள். "சரி. இப்ப சொல்லு, என்ன?" என்றேன். சொன்னாள்.

அந்த ஆள் உள்ளே வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் மலையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். என் ஆள் அவள் பக்கத்தில் போய் நின்றது. "என்னடி?" என்று கேட்டேன். கதை நடத்துகிற இம்ரான்தான் அவளுக்காகப் பேச வேண்டும். எப்போதும் என்னை ஆன்ட்டி என்கிறவன் அன்றைக்கு மெல்ல, "ஒண்ணுமில்ல அண்ணி" என்றான்.

 நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் கேட்டேன்.