வாயாடி திறக்காத டப்பா

கடைத்தெருத் தையல் கடையில் துணி வெட்டுபவள் எங்கள் வாயாடி. கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசி. குண்டூசி இருக்கும்போது மட்டும்தான் அவள் பேச்சு நிற்கும். அதனாலேயே முதலாளியம்மா குண்டூசியை டப்பா டப்பாவாக வாங்கி வைத்திருக்கிறார் என்று கேள்வி. நான் இன்று நல்லபடியாக இருக்கிறேன் என்றால் அந்த வாயாடியால்தான்.

எனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோது வயது பதினான்கு. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றில் இன்சுலின் போட்டாக வேண்டும். வீட்டில் அம்மா போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்தில் மதியம் நானே போட வேண்டும். யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று, கழிவறைக்குப் போய் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டே மாதத்தில் வகுப்பிலேயே மயங்கி விழுந்தேன்.

"இப்படி ஊசிய விட்டுட்டே இருந்தா கிட்னி போயிடும்மா" என்றார் டாக்டர். அம்மா அழுதாள், அப்பா கத்தினார், நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். திருந்தினேனா என்றால், அதுதான் இல்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் வாயாடிக்கு விஷயம் தெரிந்தது. மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் தோழிகள் நான்கு பேரை இழுத்துவந்து, எனக்கு முதுகைக் காட்டிச் சுற்றி நிற்க வைத்தாள். "இப்ப யாரு பாக்கறா? போடுடி. நீ போடற வரைக்கும் எவளும் சாப்பாட்டு டப்பாவத் தொறக்கக் கூடாது" என்றாள்.

"எனக்குப் பசி உயிர் போகுது, சீக்கிரம் போட்டுத் தொலையேன்டி" என்று முனகினாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் என்னவோ சலிப்பு. ஊசியின் மூடியைக்கூடக் கழற்றாமல் "போட்டாச்சு" என்றேன். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாயாடி மட்டும் டப்பாவைத் திறக்கவில்லை. அன்று மதியம் முழுக்க அவள் வாயையும் திறக்காததைப் பார்த்து, காய்ச்சலா என்று டீச்சரே கேட்டார்.

சாயங்காலம் கனத்த டப்பாவோடு நடந்தவள் பின்னாலேயே ஓடினேன்.

"தெரிஞ்சும் ஏன்டி டீச்சர்கிட்ட சொல்லல?"

"ஜன்னல் கண்ணாடியில எல்லாம் தெரிஞ்சுது. சொன்னா உனக்குத் திட்டு விழும், அவ்வளவுதானே? திட்டு உனக்குப் பழகிடுச்சு. நான் பட்டினி கெடந்தா உனக்குத் தாங்காது."

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதேன். அதற்குப் பிறகு ஒரு வேளைகூட ஊசியை விட்டதில்லை.

இருபது வருடம் ஆகிவிட்டது. போன வாரம் வருடாந்தரப் பரிசோதனை. கிட்னிக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிப் படிக்கட்டிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன். "எல்லாம் உன்னாலதான்டி" என்றேன்.

"சரி சரி, மணி ஒன்றரை ஆகுது. ஊசி போட்டியா?"

"இன்னும் இல்ல."

"போட்டுட்டுச் சொல்லு. டப்பாவ முன்னால வெச்சிட்டு உக்காந்திருக்கேன்."